எச்டிஎம்எல் 3.2-இல் எழுதிய பக்கம்கூட நெட்ஸ்கேப்பில் திறக்கவில்லை, எங்கே தப்பு?

பெண்டியம்_பித்தன்

எல்லோருக்கும் வணக்கம். பரணில் கிடந்த பெண்டியம் 166 ஒன்றைத் தூசி தட்டி உயிர் கொடுத்திருக்கிறேன். 32 எம்பி ராம், விண்டோஸ் 95, திரை 800-க்கு 600, வண்ணம் 256. நெட்வொர்க் கார்டு ஒரு வழியாக வேலை செய்கிறது. பிரௌசர் நெட்ஸ்கேப் 4.08.

அதில் பார்ப்பதற்கென்றே ஒரு சின்னத் தளம் செய்தேன். என்னிடம் இருக்கும் பழைய சவுண்ட் கார்டுகளைப் பற்றி நான்கு பக்கங்கள். வடிவமைப்பு முழுக்க டேபிள், நிறமெல்லாம் ஃபான்ட் டேக், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி கிடையாது, தோற்றத்தைத் தனியாகச் சொல்லும் சிஎஸ்எஸ் கிடையாது. படங்களோடு சேர்த்து முதல் பக்கம் 38 கேபி. போனிலும் லேப்டாப்பிலும் பளிச்சென்று திறக்கிறது.

நெட்ஸ்கேப்பில் போட்டால் ஒரு பெட்டி வருகிறது: இந்த சர்வருக்கும் எனக்கும் பொதுவான சங்கேத முறை ஒன்றுமே இல்லை, பாதுகாப்பாகப் பேச முடியாது என்கிறது. நான் பூட்டே கேட்கவில்லை! முகவரியில் வெறும் எச்டிடிபி என்றுதான் அடித்தேன். எச்டிஎம்எல்லில் எதைக் குறைக்க வேண்டும்?

கம்பிச்சுருள்

எச்டிஎம்எல்லில் கை வைக்காதீர்கள். உங்கள் பக்கத்தின் ஒரு எழுத்துகூட இன்னும் அந்தப் பெண்டியத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நடப்பது இதுதான். நீங்கள் எச்டிடிபியில் போய்க் கதவைத் தட்டுகிறீர்கள். உங்கள் ஹோஸ்டிங் சர்வர் உடனே "பூட்டிய வாசலான எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ" என்று 301 (நிரந்தரத் திருப்பல்) குறியீட்டோடு திருப்பிவிடுகிறது. நெட்ஸ்கேப் 4 அங்கே போய் எஸ்எஸ்எல் 3 என்ற பழைய பூட்டு முறையில் பேச்சைத் தொடங்குகிறது. அது 1996-இல் வந்தது. இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் அதன் வாரிசான டிஎல்எஸ் 1.2-க்கும் (2008) 1.3-க்கும் (2018) மட்டும்தான் காது கொடுக்கும். 2020-இல் பெரிய பிரௌசர்களும் 1.0, 1.1 இரண்டையும் கைவிட்டுவிட்டன. பேச்சு அங்கேயே முறிந்தது, பெட்டி வந்தது.

பழைய கணினிக்குத் தளம் செய்கிறேன் என்று வருபவர்கள் பாதிப் பேர் டேபிளையும் ஃபான்ட் டேக்கையும் நினைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சுவர் அங்கே இல்லை, வாசலில் இருக்கிறது.

பெண்டியம்_பித்தன்

அப்படியென்றால் சர்வரில் எஸ்எஸ்எல் 3-ஐயும் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா? பூட்டும் இருக்கும், பழசும் வரும்.

கம்பிச்சுருள்

வேண்டவே வேண்டாம். 2014-இல் பூடில் என்ற ஓட்டை வெளிவந்தபோதே எஸ்எஸ்எல் 3-இன் கதை முடிந்தது. அடுத்த வருடமே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தரமாகவே எழுதி வைத்துவிட்டார்கள். சர்வர்கள் பூட்டுக்குப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் இன்றைய பதிப்பைச் சாதாரணமாக நிறுவினால் அது உள்ளேயே இருக்காது. உடைந்த பூட்டைத் தொங்கவிடுவதற்குக் கதவைத் திறந்தே வைக்கலாம், வருகிறவருக்காவது நிலைமை தெரியும்.

அது போக, பூட்டில் இன்னும் பல சிக்கல். ஒரே ஐபியில் நூறு தளம் இருந்தால் எந்தத் தளத்தின் சான்றிதழை நீட்டுவது என்று சர்வருக்குத் தெரிய எஸ்என்ஐ வேண்டும், அதாவது பிரௌசர் தளத்தின் பெயரைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே அது கிடையாது. அப்புறம் தேதி. பழைய போர்டில் பேட்டரி செத்திருக்கும், கணினி 1980 ஜனவரி 1 என்று சத்தியம் செய்யும். அதன் கணக்கில் உலகத்தில் உள்ள எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை.

அமிகா1200

பழைய மேக்கில் அதுவே 1904-க்குப் போய்விடும் :)

கேள்விக்குறி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இந்த ஆசையே புரியவில்லை. எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்க இத்தனை வருடம் பாடுபட்டிருக்கிறார்கள். வெறும் எச்டிடிபியில் பக்கம் அனுப்பினால் நடுவில் இருக்கும் எவனும் விளம்பரத்தைச் செருகலாம், எழுத்தை மாற்றலாம், யார் எதைப் படிக்கிறார்கள் என்று பார்க்கலாம். இணையச் சேவை தருபவர்களே விளம்பரம் செருகியதைப் பார்த்தவன் நான். விரல் விட்டு எண்ணக்கூடிய பழைய பெட்டிகளுக்காக எல்லோருடைய கதவையும் திறந்து போடுவது நியாயமா?

கம்பிச்சுருள்

நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோருடைய கதவையும் திறக்கத் தேவையில்லை.

புதிய பிரௌசர்கள் எச்டிடிபியில் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது கோரிக்கையோடு ஒரு தலைப்பையும் (ஹெடர் என்ற குறிப்பு வரி) சேர்த்து அனுப்புகின்றன: அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ், மதிப்பு 1. "எனக்குப் பாதுகாப்பான வழி தெரியும், முடிந்தால் அங்கே அனுப்பு" என்று பொருள். நெட்ஸ்கேப்புக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆக, சர்வரில் ஒரே ஒரு நிபந்தனை போதும். அந்தத் தலைப்பு இருந்தால் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பு, இல்லாவிட்டால் பக்கத்தை அப்படியே கொடு. பதிலில் வேரி தலைப்பில் அதன் பெயரையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கேஷ் ஒருவருக்குத் தர வேண்டியதை இன்னொருவருக்குத் தந்துவிடும். திருப்புவதற்கு நிரந்தரமான 301 வேண்டாம், தற்காலிகமான 307 வையுங்கள்.

எச்டிடிபிஎஸ் பக்கத்தில் எச்எஸ்டிஎஸ் தலைப்பும் போடலாம். புதிய பிரௌசர் ஒரு முறை வந்துவிட்டால் அப்புறம் தானாகவே பூட்டிய வாசலுக்குத்தான் போகும். பழையது அதைக் கண்டுகொள்ளாது. பிரௌசர் பெயரைப் பார்த்துப் பிரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பெயரில் எல்லோருமே மொசில்லா என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உட்பட.

கேள்விக்குறி

சரி, இந்தத் தந்திரம் எனக்குத் தெரியாது. நன்று. ஆனாலும் அந்தத் தலைப்பை யாராவது நடுவில் உருவிவிட்டால்?

கம்பிச்சுருள்

முதல் முறை வருபவருக்கு அந்த ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்திருப்பவன் சாதாரண 301-ஐயும்தான் விழுங்க முடியும். அதனால்தான் ஒரே விதி: லாகின், கடவுச்சொல், படிவம், யாரையாவது பற்றிய தகவல், இவை எதுவும் திறந்த பக்கத்தில் கூடாது. சவுண்ட் கார்டு படங்களை எவன் வேண்டுமானாலும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

தூசித்தட்டி

இதற்கெல்லாம் யார் வரப் போகிறார்கள் என்பதற்கு என் பதில்: பெண்டியம் மட்டும் வராது. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பழைய கருவிகளில் அதைத்தான் நம்பியிருந்தது. அன்று என்னிடம் இருந்த பழைய டேப்லெட்டில் பாதித் தளங்கள் ஒரே இரவில் இருண்டுவிட்டன. திரை நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, வாசலில் மட்டும் அனுமதி இல்லை. தயாரித்தவர் அப்டேட் கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

அதோடு என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றி, அகலம் 300 என்று டேக்கில் மட்டும் எழுதினேன். ஜேபெக் கோப்பு பெரிதுதான், ஆனால் உள் நெட்வொர்க்தானே, வந்துவிடும் என்று நினைத்தேன். வந்தது. அப்புறம் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடத் தொடங்கியது, ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டியிருந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன்: 4000-க்கு 3000 புள்ளி, புள்ளிக்கு 3 பைட், மொத்தம் 36 மில்லியன் பைட். கணினியில் இருப்பதே 32 எம்பி. கோப்பு எத்தனை கேபி என்பது கம்பிக்குத்தான் கணக்கு. ராமுக்குக் கணக்கு, விரித்த பிறகு எத்தனை புள்ளி என்பது.

பெண்டியம்_பித்தன்

என் படங்கள் எல்லாம் 200-க்கு 150 ஜிஃப்தான், பிழைத்தேன்.

கம்பிச்சுருள் சொன்னபடி செய்ய என் ஹோஸ்டிங்கில் வழி இல்லை. திருப்பிவிடுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டதற்கு "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று ஒரு வரி பதில் வந்தது. ஒரு சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து அப்பாச்சி என்ற வலை சர்வர் நிரலைப் போடுகிறேன். மாற்றிவிட்டு வருகிறேன்.

அமிகா1200

விபிஎஸ் எடுப்பது நல்லதுதான், உங்களுக்கென்று தனி ஐபி கிடைக்கும். எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் தலைப்பே அனுப்பாத மிகப் பழைய பிரௌசர்கள் உண்டு. எச்டிடிபி 1.1 வந்த பிறகுதான் அது கட்டாயமானது. பகிர்ந்த சர்வரில் அந்த பிரௌசருக்கு யாரோ ஒருவருடைய தளம்தான் வரும். தனி ஐபியில் உங்கள் தளத்தையே இயல்புத் தளமாக வைத்தால் நெட்ஸ்கேப்புக்கும் முந்தைய மொசைக் பிரௌசரும் உள்ளே வரலாம்.

இன்னொன்று, அப்பாச்சியில் ஜிசிப் சுருக்கம் போட்டால் கவனம். நெட்ஸ்கேப் 4.06 முதல் 4.08 வரை "ஜிசிப் எனக்குத் தெரியும்" என்று வாய் கிழியச் சொல்லும், ஆனால் பிரிக்கும்போது சொதப்பும். அப்பாச்சியின் ஆவணத்திலேயே இந்த மூன்று பதிப்புகளுக்கும் சுருக்கத்தை நிறுத்தும் வரி எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது சரியாக 4.08!

வலைக்காரி

நான் தினமும் வலைத்தளம் கட்டுகிற வேலையில் இருப்பவள், அதனால் ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் ஃபான்ட் டேக்கில் எழுதி 1997-க்கே திரும்பிப் போவது எனக்கு ஒப்பவில்லை. எச்டிஎம்எல்லைச் சுத்தமாக எழுதுங்கள்: தலைப்புக்குத் தலைப்பு டேக், பத்திக்குப் பத்தி டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக். சிஎஸ்எஸ் ஒன்றுமே இல்லாமல் அதைப் படிக்க முடிய வேண்டும். அப்புறம் புதிய பிரௌசருக்கு மட்டும் அழகு சேருங்கள்.

பழையதன் கண்ணில் சிஎஸ்எஸ் படாமல் மறைப்பது எளிது. ஸ்டைல்ஷீட் இணைப்பில் மீடியா என்ற இடத்தில் "ஒன்லி ஆல்" என்று எழுதுங்கள். நெட்ஸ்கேப் 4 "ஸ்கிரீன்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் ஏற்காது. 2009-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரை அந்த "ஒன்லி" புரியாது. புரிபவர்கள் எல்லோரும் ஓரளவு ஒழுங்காகவே சிஎஸ்எஸ் காட்டுவார்கள். ஒரே கோப்பு, இரண்டு முகம்.

ஸ்டைலைப் பக்கத்துக்குள்ளேயே எழுதாதீர்கள். ஸ்டைல் டேக் தெரியாத பிரௌசர் அதற்குள் இருக்கும் விதிகளை எழுத்தாக நினைத்துப் பக்கத்தின் உச்சியில் கொட்டிவிடும். அந்தக் காலத்தில் ஸ்டைலையும் ஸ்கிரிப்டையும் கமென்ட் குறிக்குள் சுற்றி வைத்தது இதற்காகத்தான்.

போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியாமல் இருக்க வியூபோர்ட் மெட்டா டேக் ஒன்று போடுங்கள். பழையது அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும்.

அமிகா1200

> பட்டியலுக்குப் பட்டியல் டேக்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அழகும் வேண்டும் அம்மா. சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தை மட்டும் காட்டவா இத்தனை பாடுபட்டு ஒரு கணினியை உயிர்ப்பித்தோம்? பாடி டேக்கில் பின்னணி நிறம், இணைப்பின் நிறம், ஒரு டேபிள், ஒரு சின்ன டைல் படம். இவையும் அந்தக் காலத்தின் கைவேலைதான்.

256 வண்ணத் திரைக்கு நிறம் எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் பதினாறடிமான எண்ணில் 00, 33, 66, 99, சிசி, எஃப்எஃப் இந்த ஆறை மட்டும் எடுங்கள். ஆறின் மூன்றாம் அடுக்கு, மொத்தம் 216 நிறம். வேறு நிறம் கொடுத்தால் புள்ளி புள்ளியாகத் தெளித்துக் காட்டும், அதன் மேல் எழுத்தைப் படிக்க முடியாது.

வலைக்காரி

சரி, டைல் படத்துக்கு அனுமதி உண்டு :) மொத்த வடிவமைப்பையும் ஒரே டேபிளுக்குள் அடைக்காமல் இருந்தால் போதும். பழைய பிரௌசர் டேபிள் முழுதும் வந்து சேர்ந்த பிறகுதான் வரையத் தொடங்கும். 28.8 மோடத்தில் 100 கேபி என்றால் கிட்டத்தட்ட 28 நொடி வெற்றுத் திரை. தலைப்பை ஒரு டேபிளாகவும் உள்ளடக்கத்தை இன்னொன்றாகவும் வெட்டினால் மேலே உள்ளது முதலில் வந்துவிடும், படிப்பவர் காத்திருக்க மாட்டார்.

கேள்விக்குறி

இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் ஒரு ப்ராக்ஸி (பக்கத்தை வாங்கி மாற்றித் தரும் இடைக் கணினி) வைத்துவிட்டால் முடிந்ததே? தளம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், பழைய கணினிக்காரர் தன் பக்கத்தில் மாற்றிக்கொள்ளட்டும்.

தூசித்தட்டி

இரண்டும் வேண்டும். டபிள்யூஆர்பி என்று ஒன்று இருக்கிறது. ஒரு புதிய கணினியில் ஓடும், அங்கே பக்கத்தைத் திறந்து முழுப் பக்கத்தையும் ஒரே ஜிஃப் படமாக்கிப் பழைய கணினிக்குத் தரும். படத்தில் எங்கே கிளிக் செய்தீர்கள் என்ற இடத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். வெப்ஒன் இன்னொரு வகை, பூட்டை அவிழ்த்துப் பக்கத்தைக் கொஞ்சம் பழக்கிக் கொடுக்கும். தேடுவதற்கு ஃபிராக்ஃபைண்ட், செய்திக்கு 68கே.நியூஸ், இரண்டும் பழைய பிரௌசருக்கென்றே செய்தவை.

ஆனால் படமாக வரும் பக்கத்தில் எழுத்தை நகல் எடுக்க முடியாது, பக்கத்துக்குள் தேட முடியாது. ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது போலத்தான். உள்ளே வந்து உட்காரச் சொல்லும் தளம் ஒன்று கிடைத்தால் அதன் சுகமே வேறு.

நிரல்நிலா

யாரும் தமிழைப் பற்றிப் பேசவில்லையே. சவுண்ட் கார்டு தளம் ஆங்கிலத்தில் என்றால் பரவாயில்லை. தமிழில் என்றால்?

அமிகா1200

ஆகா, புண்ணில் கை வைத்துவிட்டீர்கள்.

விண்டோஸ் 95-இல் யூனிகோட் தமிழ் வராது. பெட்டி பெட்டியாகவோ கேள்விக்குறியாகவோ வரும். தமிழ் இருக்கும் யூனிகோட் எழுத்துரு ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டாலும் முடியாது. எழுத்துகளை இடம் மாற்றி அடுக்குகிற வேலை அந்தக் கணினிக்குத் தெரியாது. "கெ" என்று எழுதினால் சேமிப்பில் முதலில் க, அப்புறம் கொம்பு. அதை வாங்கித் திரையில் கொம்பை முன்னால் போடுவது இயங்குதளத்தின் பொறுப்பு. தெரியாத கணினி க-வைப் போட்டுவிட்டு அதன் பின்னால் கொம்பைத் தொங்கவிடும். "கொடு" என்ற சொல்லைப் படிப்பதற்குள் கழுத்து சுளுக்கிவிடும். விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு இது ஒழுங்கானது.

தூசித்தட்டி

அந்தக் காலத்தில் இதற்கு வழி டிஸ்கி. எட்டு பிட் குறியீடு, கொம்பு முதலில், எழுத்து அப்புறம் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும். எழுத்துரு கணினியில் இருந்து, என்கோடிங்கில் யூசர் டிஃபைன்ட் என்று தேர்ந்தெடுத்தால் நெட்ஸ்கேப்பில் அப்படியே படிக்கலாம். எழுத்துரு இல்லாதவருக்கு இயங்கு எழுத்துரு என்று ஒன்று இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இஓடி, நெட்ஸ்கேப் 4-க்கு பிஎஃப்ஆர். இரண்டையும் செய்து இரண்டையும் இணைக்க வேண்டும், இருவரும் ஒருவர் கோப்பை ஒருவர் தொட மாட்டார்கள்.

நிரல்நிலா

என் வழி இன்னும் மொட்டை. ஒவ்வொரு பத்தியையும் இரண்டே வண்ண ஜிஃபாக சர்வரிலேயே வரைந்துவிடுகிறேன். அகலம் 500 புள்ளி, ஒரு பத்திக்கு நாலைந்து கேபிதான் ஆகிறது. அதே முகவரியில் புதிய பிரௌசருக்கு யூனிகோட் பக்கம். எழுத்தைச் சின்னதாக்கினால் ண, ன இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, 18 புள்ளி உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். மிருதுவாக்கலையும் அணைத்துவிடுங்கள், சாம்பல் நிற ஓரம் வந்தால் கோப்பும் பெருக்கும், பழைய திரையில் எழுத்தும் மங்கும்.

பெண்டியம்_பித்தன்

வந்துவிட்டேன். விபிஎஸ்ஸில் எல்லாம் சொன்னபடி: அந்தத் தலைப்பு வந்தால் மட்டும் திருப்புதல், 4.08-க்கு ஜிசிப் கிடையாது. பெண்டியத்தில் முகவரியை அடித்தேன். சங்கேதப் பெட்டி வரவில்லை! மூலையில் நெட்ஸ்கேப் சின்னத்தில் எரிகல் விழத் தொடங்கியது, கீழே "முடிந்தது" என்றும் வந்தது.

திரையில் பின்னணி நிறம் மட்டும். வேறு ஒன்றுமே இல்லை. வியூ சோர்ஸ் போட்டுப் பார்த்தால் முழு எச்டிஎம்எல்லும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. சவுண்ட் கார்டு, படம், எல்லாம் இருக்கிறது. திரையில் மட்டும் காணோம். மற்ற மூன்று பக்கங்களும் நன்றாகத் திறக்கின்றன.

கம்பிச்சுருள்

அப்படியென்றால் வாசல் திறந்துவிட்டது. இனி வலைக்காரியின் வட்டாரம்.

வலைக்காரி

டேபிளை மூடும் டேக்குகளை எண்ணுங்கள்.

பெண்டியம்_பித்தன்

திறப்பது 5, மூடுவது 4. நாசம்.

வலைக்காரி

அதேதான். நெட்ஸ்கேப் 4-க்கு மூடாத டேபிள் என்றால் இல்லாத டேபிள். இன்றைய பிரௌசர்கள் நாம் விட்டதைச் சத்தம் போடாமல் தாங்களே மூடிக்கொள்கின்றன, அதனால்தான் போனிலும் லேப்டாப்பிலும் உங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தைப் பழைய கணினிக்கு எடுத்துப் போகும் முன் ஒரு எச்டிஎம்எல் சரிபார்ப்பியில் போட்டுப் பாருங்கள், பாதி அங்கேயே பிடிபடும். மீதிக்கு 86பாக்ஸ் மாதிரி, பழைய கணினியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் ஒன்றில் அதே விண்டோஸ், அதே நெட்ஸ்கேப். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிஜக் கணினியைப் பூட் செய்துகொண்டிருந்தால் விடிந்துவிடும்.

பெண்டியம்_பித்தன்

மூடினேன். வந்துவிட்டது!! தலைப்பு முதலில், அப்புறம் ஒவ்வொரு படமாக. அந்த மங்கலான பச்சை மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, அமிகா சொன்ன ஆறு எண்ணில் இல்லாத நிறம், மாற்றுகிறேன்.

படம் ஒவ்வொன்றும் வரும்போது கீழே இருக்கும் எழுத்து குதித்துக் குதித்து இறங்குகிறதே, அது எதனால்?

தூசித்தட்டி

படத்துக்கு அகலம் உயரம் போடவில்லை.

பெண்டியம்_பித்தன்

போடவில்லைதான். 23 படம் இருக்கிறது, போட்டுவிட்டு வருகிறேன்.